சென்னையில் பகல்நேரக் குழந்தைக் காப்பகம்: உரிமத்துக்கு முதலில் எங்கே செல்வது?

வேளச்சேரிவாசி:
அனைவருக்கும் வணக்கம். வேளச்சேரியில் ஒரு வீட்டின் முதல் மாடியை வாடகைக்கு எடுத்து, ஆறு மாதம் முதல் நான்கு வயது வரையுள்ள இருபது குழந்தைகளைக் காலை எட்டு முதல் மாலை ஏழு மணி வரை பார்த்துக்கொள்ளும் காப்பகம் தொடங்க எண்ணியுள்ளேன். பதினொரு ஆண்டுகள் மழலையர் வகுப்பு ஆசிரியையாக இருந்திருக்கிறேன். வீட்டு உரிமையாளர் பத்து மாத வாடகையை முன்பணமாகக் கேட்கிறார். எந்த அலுவலகத்தை முதலில் அணுக வேண்டும்?

ஆதம்பாக்கம் அனுபவம்:
வணக்கம் சகோதரி. அலுவலகம் இருக்கட்டும், முன்பணத்தைக் கொடுத்துவிடாதீர்கள். வட்டாட்சியர் வழங்கும் கட்டட உரிமம், பொறியாளரின் கட்டட உறுதிச் சான்று, தீயணைப்புத் துறையின் தடையில்லாச் சான்று, சுகாதாரச் சான்று ஆகிய நான்கும் கட்டடத்தைப் பார்த்துத் தரப்படுபவை. உங்கள் பதினொரு ஆண்டு அனுபவம் அங்கே பேசாது. 2004 ஜூலை 16 அன்று கும்பகோணம் பள்ளித் தீயில் 94 குழந்தைகள் மாண்டதை இந்த மாநிலம் மறக்கவில்லை. ஒரே படிக்கட்டு உள்ள மாடி என்றால் ஆய்வுக்கு வருபவர் முகம் சுளிப்பது நியாயமே. குழந்தைகள் மையங்களுக்கான மத்திய அரசின் 2018ஆம் ஆண்டு வழிகாட்டுதல்களும் தரைத்தளத்தையே விரும்புகின்றன.

அனுமதி பெற்ற கட்டட வரைபடத்தின் நகலை உரிமையாளரிடம் கேட்டுப் பாருங்கள். குடியிருப்பு வேறு பயன்பாட்டுக்கு மாறினால் சொத்து வரியும் மின்கட்டண விகிதமும் மாறும் என்பதால், வாடகை பேசும்போது இனிக்கப் பேசுபவர்கள் கையொப்பம் கேட்டால் பின்வாங்குவதுண்டு. நான் இரண்டு மாத வாடகையை அப்படித்தான் இழந்தேன்.

நங்கநல்லூர் தாத்தா:
சொல்லிலும் கவனம் வேண்டும், அம்மா. வெறுமனே ‘காப்பகம்’ என்று விண்ணப்பித்தால், 2015ஆம் ஆண்டு இளைஞர் நீதிச் சட்டத்தின்கீழ் பதிவு செய்யப்படும் ஆதரவற்ற குழந்தைகள் இல்லம் என்று எடுத்துக்கொள்ள வாய்ப்புண்டு. ‘பகல்நேரக் குழந்தைகள் பராமரிப்பு மையம்’ என்றே எழுதுங்கள். விளம்பரத்தில் பாடம், வகுப்பு என்று போட்டால், விளையாட்டுப் பள்ளிகளுக்கென 2015இல் வகுக்கப்பட்ட விதிகளின்படி பள்ளிக்கல்வித் துறையின் அங்கீகாரம் பற்றிய கேள்வி எழும்.

ஓ.எம்.ஆர். பணியாளர்:
நான் ஒரு நிறுவனத்தின் குழந்தைகள் மையத்தை நடத்துகிறேன். ஐம்பது அல்லது அதற்கு மேற்பட்டோர் பணிபுரியும் இடங்களில் மையம் இருக்க வேண்டும் என்று 2017இல் மகப்பேறு நலச் சட்டம் திருத்தப்பட்டதை ஒட்டி வந்தவையே மேலே சொன்ன வழிகாட்டுதல்கள். மூன்று வயதுக்குட்பட்ட பத்துக் குழந்தைகளுக்கு ஒரு பணியாளர், மூன்று வயதுக்கு மேற்பட்ட இருபது பேருக்கு ஒருவர், உடன் ஓர் ஆயா என்பது அவற்றின் கணக்கு. என்னைக் கேட்டால், தவழும் பருவத்தில் நான்கு பேருக்கு ஒருவர் இல்லாமல் முடியாது. ஒரு குழந்தைக்குத் துணி மாற்றுவதற்குள் இன்னொன்று வாசலில் நிற்கும். ஆயா உட்பட எல்லோருக்கும் காவல்துறைச் சரிபார்ப்பு செய்யுங்கள். குழந்தை மீதான பாலியல் குற்றம் தெரிந்தும் தெரிவிக்காமல் இருப்பது போக்சோ சட்டப்படி குற்றம் என்பதைச் சேரும் நாளிலேயே சொல்லிவிடுங்கள். 1098 என்ற குழந்தைகள் உதவி எண் சுவரில் இருக்கட்டும். சமைத்துக் கொடுப்பதானால் உணவுப் பாதுகாப்புப் பதிவும் தேவை.

வேளச்சேரிவாசி:
அனைவருக்கும் நன்றி. வரைபட நகலைக் கேட்டேன். “அதெல்லாம் பிறகு பார்த்துக்கொள்ளலாம்” என்றார் உரிமையாளர். முன்பணம் கொடுக்கவில்லை. அடுத்த தெருவில் ஒரு தரைத்தளம் காலியாகிறதாம், ஞாயிறு அன்று பொறியாளரையும் அழைத்துக்கொண்டு போகிறேன்.