கட்டுநாயக்கா எயார்போட்டுல இருந்து கட்டார் தோஹாவுக்கு ப்ளைட் எவ்வளவு நேரம்? போய் வந்தவங்க சொல்லுங்க

ஆரையம்பதி:
நேர்கோட்டுத் தூரம் ஏறக்குறைய 3,600 கிலோமீற்றர். எங்கயும் நிக்காம நேராப் போற ப்ளைட் எண்டா அஞ்சு மணித்தியாலம், கொஞ்சம் முன்னப் பின்ன. குழப்பம் டிக்கெட்டுலதான். ஏர்ற நேரமும் இறங்குற நேரமும் அந்தந்த நாட்டு நேரத்துல போட்டிருக்கும். இலங்கை நேரம் கட்டார் நேரத்துக்கு ரெண்டரை மணித்தியாலம் முன்னுக்கு. காலம 4 மணிக்கு வெளிக்கிட்டா அங்க 6.30க்கு இறங்குறதாக் கிடக்கும். எங்கட அம்மா அதப் பாத்திட்டு, "ரெண்டரை மணித்தியாலந்தானா மனே, பொலன்னறுவைக்குப் போற நேரம்" எண்டா. லீவுல வரக்குள்ள டிக்கெட்டக் கணக்குப் பாத்தா ஏழு மணித்தியாலத்துக்கு மேல. "இப்ப என்னத்துக்கு ஊரச் சுத்தி வாறாய்?" எண்டது அம்மாட அடுத்த கேள்வி! உண்மையில வாறதுதான் அனேகமா கெதி. மேல வீசுற மேற்குக் காத்து பின்னால தள்ளும்.

அக்கரைப்பற்று:
காக்கா, ப்ளைட்ட விடுங்க. எயார்போட்டுக்குப் போறதுதான் பயணம். அம்பாறை, மஹாஓயா, மஹியங்கனை, பொறகு பதினெட்டு வளைவு ஏறிக் கண்டி. லாத்தாவ ஏத்திவிடப் போன நேரம் வளைவுலயே வேனுக்குள்ள பாதிப் பேருக்குச் சத்தி. போய்ச் சேர்ந்தா மூணு மணித்தியாலம் முந்தி நிக்கணும். கணக்குப் பாத்தா கட்டார் கிட்ட, கட்டுநாயக்காதான் தூரம்.

கல்லடி:
அதுதான் எனக்கும் கடுப்பு. மட்டக்களப்பு திமிலைதீவு எயார்போட்டுல இருந்து கட்டுநாயக்காவுக்கு ஆகாயத்தால 205 கிலோமீற்றர் அளவுதான், ரோட்டால 300க்குக் கிட்ட. வேலை விசயமா ஒருக்காச் கட்டுநாயக்காவுல இருந்து செஸ்னா எண்ட சின்ன ப்ளைட்டுல வந்தன். ஒரு மணித்தியாலத்துக்குள்ள மட்டக்களப்பு வாவி தெரிஞ்சிட்டு. ஆனா வெளிநாட்டுப் பயணத்துக்கு அது சரிவராது, நம்மட பெட்டிகள அதுல ஏத்த ஏலா.

இன்னொண்டு. நெட்டுல ரெண்டு எயார்போட் பேரக் குடுத்தா வாற நேரம், அனேகமாத் தூரத்த ஒரே வேகத்தால பிரிச்ச கணக்கு. செஸ்னா மணிக்கு 300 சொச்சம், பெரிய ஜெட் 850க்கு மேல. ஓடுபாதை வரைக்கும் ஊர்ற நேரமும் மேல ஏறி இறங்குற நேரமும் அதுல சரியா வராது. டிக்கெட் நேரத்துல அதெல்லாம் அடங்கும், அதத்தான் நம்பணும்.

காத்தான்குடி:
தம்பிக்கு 12ஆம் திகதி காலம 4 மணி ப்ளைட். எத்தினைக்கு வெளிக்கிடணும்?

ஆரையம்பதி:
11ஆம் திகதி பின்னேரம் 5 மணிக்கு வேன் எடுங்க. ரோட்டுக்கு ஏழு மணித்தியாலம், சாப்பாட்டுக்கும் ஹபரணைப் பக்கம் ரோட்டுல யானை நிண்டா அதுக்கும் ஒரு மணித்தியாலம் விடுங்க. வேன்காரருக்கு 12ஆம் திகதி எண்டு சொல்லிராதீங்க, அவர் 12ஆம் திகதி பின்னேரந்தான் வந்து நிப்பார்.