புதுப்பிப்பு: கிளிநொச்சி மாடிக் கட்டட வரைபடத் தாமதம் தீர்ந்தது

பதில் எழுதிய எல்லாருக்கும் நன்றி. நான் கேட்டது இதுதான்: மாடிக் கட்டடம் ஒன்றின் வடிவமைப்பில் கட்டடக் கலைஞர், கட்டமைப்புப் பொறியியலாளர், மின் வேலை பார்ப்பவர் எல்லாரும் ஆளுக்காள் காத்திருக்கிறார்கள், என்ன செய்யலாம்?

கைகொடுத்தது வவுனியா அண்ணா சொன்ன யோசனை. கட்டுமானத் திட்டமிடல் ஆய்வாளர் கிளென் பல்லார்ட் உருவாக்கிய 'லாஸ்ட் பிளானர்' (வேலை செய்பவர்களே சேர்ந்து திட்டமிடும்) முறைப்படி, முடிவிலிருந்து பின்னோக்கித் திட்டமிடுவது. பிரதேச சபைக்கு வரைபடம் கொடுக்கும் நாளைச் சுவரின் வலது ஓரத்தில் ஒட்டினோம். "இதற்கு முன் எனக்கு யாரிடமிருந்து என்ன வேண்டும்?" என்று ஒவ்வொருவரும் தன் நிறத் தாளில் எழுதி, இடப்பக்கமாக ஒட்டிக்கொண்டே போனார்கள்.

எதிர்பாராத விசயம், எல்லாத் தாளும் மேல்மாடித் தண்ணீர்த் தாங்கியில் போய் முட்டியது. 1000 லீற்றர் தண்ணீரே ஒரு தொன் பாரம். கொள்ளளவு முடிவாகாமல் தூண் அளவு வராது, தூண் தெரியாமல் படிக்கட்டும் மின்குழாயும் நகராது. உரிமையாளரோடு பேசியதும் அது முடிவாயிற்று.

அப்புறம், வாராவாரம் ஒப்புக்கொண்ட வேலைகளில் எத்தனை வீதம் முடிந்தது என்று பார்க்கிறோம். அரைகுறை வேலை கணக்கில் சேராது. முடியாவிட்டால் ஆளின் பெயரை எழுதாமல் காரணத்தை எழுதுகிறோம். இதைக் கட்டாயம் செய்யுங்கள், அதனால்தான் எல்லாரும் மனந்திறந்து பேசினார்கள். மென்பொருள் தேவைப்படவில்லை. வரைபடம் சபைக்குக் கொடுத்தாயிற்று.