புது ஸ்பீக்கரை 100 மணி நேரம் ஓடவிட்டால்தான் பேஸ் வருமா?

புளியரைவாசி:
வணக்கம். போன வாரம் ஒரு ஜோடி புக்‌ஷெல்ஃப் ஸ்பீக்கரும் சின்னதாக சத்தத்தைப் பெருக்கும் ஒரு ஸ்டீரியோ ஆம்ப்பும் வாங்கினேன், தாழ்ந்த சத்தமான பேஸைத் தருகிற வூஃபர் ஐந்தரை அங்குலம். வீடு புளியரையில், கடை ஆரியங்காவு தாண்டி கேரளப் பக்கம். கடையில் போட்டுக் காட்டியபோது தவில் அடி நெஞ்சில் விழுந்தது. வீட்டில் வந்து மாட்டினால் பேஸ் என்று ஒன்றும் இல்லை, பாடுகிறவர் குரலும் நடுவில் நிற்காமல் அறை முழுக்கக் கரைந்து கிடக்கிறது. கடைக்குப் போன் போட்டேன். "நூறு மணிக்கூர் ஓடட்டே, பின்னே நோக்காம்" என்கிறார். ஸ்பீக்கர் மட்டும் இல்லையாம், ஆம்ப்பும் வயரும்கூடப் பழக வேண்டுமாம். நானும் நாலு நாளாக வேலைக்குப் போகும்போது பாட்டைப் போட்டுவிட்டுத்தான் கிளம்புகிறேன், அம்மா "ஆள் இல்லாத வீட்ல யாருக்குலே பாட்டு?" என்று கேட்கிறாள். முதல் நாள் இருந்த கீச்சு கொஞ்சம் குறைந்த மாதிரி இருக்கிறது, ஆனால் பேஸ் வரவில்லை. புது பைக்கை ஓட்டிப் பழக்குகிற ரன்னிங் இன் மாதிரி இதற்கும் உண்மையிலேயே இருக்கிறதா, இல்லை என்னை இழுத்தடிக்கிறார்களா? திருப்பிக் கொடுக்க 10 நாள்தான் கெடு, ஆறு நாள் போய்விட்டது.

குழாய் ஸ்பீக்கர்:
தம்பி, நான் மைக் செட் போடுகிறவன், கோயில் கொடை, கல்யாணம், கட்சிக் கூட்டம் எல்லாம் பார்த்தாச்சு. முன்னால் அதிர்கிற கோன் மாற்றின 15 அங்குல ஸ்பீக்கரை விரலால் மெதுவாக அமுக்கிப் பார்த்தால் விறைப்பாக இருக்கும், ஒரு ராத்திரி கொடையில் ஓடினபிறகு அமுக்கினால் இளகியிருக்கும். அதனால் கடைக்காரர் சொல்வது முழுப் பொய் என்று சொல்ல மாட்டேன். ஆனால் இளகுவது அந்த ஒரு ராத்திரியிலேயே, அதுவும் பாதிக்கு மேல் முதல் பாட்டிலேயே. 100 மணி நேரம் நான் கேள்விப்படாதது. வயர் பழகுவது என்றால், செம்புக் கம்பி எதைப் பழகும், எனக்குத் தெரியவில்லை.

நீ சொல்கிற அடையாளம் வேறு மாதிரி இருக்கிறது. பேஸும் இல்லை, குரலும் நடுவில் இல்லை என்றால் முதலில் பின்னால் போய் சிவப்பு, கறுப்பு பார். ஒரு பெட்டியில் மாறியிருக்கும். பந்தலில் அவசரத்தில் எத்தனை தடவை செய்திருக்கிறேன்.

ஓம் விதி:
அண்ணாச்சி சொன்னதுதான் முதலில் பார்க்க வேண்டியது. ஒரு ஸ்பீக்கரின் கோன் முன்னால் தள்ளும்போது இன்னொன்று பின்னால் இழுத்தால் பேஸ் ஒன்றை ஒன்று தின்றுவிடும். வயர் நிறத்தை மட்டும் நம்ப வேண்டாம், டார்ச்சில் போடுகிற 1.5 வோல்ட் பேட்டரி போதும். ஆம்ப்பிலிருந்து வயரைக் கழற்றிவிட்டு, ஸ்பீக்கரின் சிவப்பு முனையில் பேட்டரியின் பிளஸ், கறுப்பில் மைனஸ், ஒரு நொடி தொட்டு எடுங்கள். வூஃபர் வெளியே துள்ள வேண்டும். உள்ளே போனால் பெட்டிக்குள்ளேயே மாற்றி வைத்திருக்கிறார்கள், அப்படியே திருப்பிக் கொடுத்துவிடலாம்.

இனி ரன்னிங் இன். கோனைப் பின்னால் தாங்குவது ஸ்பைடர், பிசினில் தோய்த்து மடிப்பு மடிப்பாக அழுத்திய துணி. விளிம்பில் ரப்பரோ ஃபோமோ இருக்கும். முதல் தடவை நன்றாக அசையும்போது அந்தப் பிசின் மடிப்பு கொஞ்சம் தளரும், அதனால் வூஃபர் தானாக அதிரும் சுருதி, அதாவது ஒத்ததிர்வு அதிர்வெண், சில ஹெர்ட்ஸ் இறங்கும். இது உண்மை, அளந்தே பார்க்கலாம். ஆனால் பெட்டிக்குள் போட்டபிறகு அந்த மாற்றம் காதுக்கு வருவது ரொம்பக் குறைவு, ஏனென்றால் பெட்டிக்குள் அடைபட்ட காற்றும் ஒரு ஸ்பிரிங் மாதிரி கோனைப் பிடிக்கிறது, சின்னப் பெட்டியில் அதுதான் பெரிய ஸ்பிரிங். இல்லாத பேஸ் இதனால் முளைக்காது.

பைக் உதாரணம் சரிவராது. அங்கே உலோகமும் உலோகமும் உரசிப் படிய வேண்டும், இங்கே உரசுகிற பொருளே இல்லை. கோனைத் தள்ளுகிற கம்பிச் சுருளான வாய்ஸ் காயில் உரசினால் அது ரிப்பேர்.

கீச்சு குறைந்தது உங்கள் காது பழகியதால் இருக்கலாம். நாலு நாள் முன்னால் கேட்ட சத்தத்தை மனதில் வைத்து இன்றைக்கு ஒப்பிட யாராலும் முடியாது, அந்த ஞாபகம் சில நொடிக்குத்தான் தாங்கும். வால்யூம் ஒரு டெசிபல் கூடியிருந்தாலே "நன்றாக இருக்கிறது" என்று தோன்றும், கூடியது என்று தோன்றாது.

100 மணி என்ற கணக்கையும் பாருங்கள். தினம் இரண்டு மணி நேரம் கேட்கிறவருக்கு 50 நாள். உங்கள் கெடு 10.

தென்மலைத் தமிழன்:
எல்லாம் காது மாயை என்று அடித்துவிட வேண்டாம். பேஸுக்கென்றே வைத்திருக்கிற என் சப்வூஃபர் முதல் வாரம் பெட்டிக்குள் யாரோ குத்துகிற மாதிரி இருந்தது, அப்புறம் இறங்கி உருள ஆரம்பித்தது. வீட்டில் மூன்று பேரும் அதையே சொன்னார்கள். ஆம்ப்பும் சூடேறினால்தான் பாடும், தாத்தா வைத்திருந்த வால்வு ரேடியோ போட்டதும் பேசாது, அதிலிருக்கும் பச்சைக் கண் விளக்கு விரிகிறவரை காத்திருப்போம்.

ஓம் விதி:
பெரிய சப்வூஃபரில் தெரியலாம், மறுக்கவில்லை. அந்த ஒரு வாரத்தில் பெட்டி இருந்த மூலையை மாற்றவே இல்லையா, வால்யூம் குமிழைத் தொடவே இல்லையா என்றுதான் கேட்கிறேன். மூன்று பேரும் ஒரே அறையில்தானே உட்கார்ந்திருந்தீர்கள்.

வால்வு விஷயம் வேறு. இழை சூடாகி எலக்ட்ரான் கிளம்ப அரை நிமிடம், ஒரு நிமிடம் ஆகும், ஒவ்வொரு தடவை போடும்போதும் ஆகும். அது பழகுவது இல்லை, சூடாவது. டிரான்சிஸ்டர் ஆம்ப்புக்கு அந்தக் காத்திருப்பு தேவையே இல்லை. வருடக்கணக்காக அலமாரியில் கிடந்ததாக இருந்தால் உள்ளே மின்சாரத்தைத் தேக்குகிற எலக்ட்ரோலைட்டிக் கப்பாசிட்டர் தன் ஆக்சைடு படலத்தைச் சரிசெய்துகொள்ளக் கொஞ்ச நேரம் எடுக்கும், புதுசுக்கு அதைச் சொல்லி மழுப்ப முடியாது.

தென்மலைத் தமிழன்:
மூலை மாற்றினேன். ஞாபகம் வருகிறது, மழை ஒழுகியதால் இந்தப் பக்கம் தள்ளினேன். இருந்தாலும் என் கட்சி என் கட்சிதான்.

குழாய் ஸ்பீக்கர்:
சிரிப்பு வருது தென்மலை. தம்பி, இன்னொன்று, ஆள் இல்லாதபோது வால்யூமை முழுக்க வைத்துவிட்டுப் போகாதே. சின்ன ஆம்ப் திணறிக் கிழிந்த சத்தம் கொடுத்தால் முதலில் போவது கீச்சுச் சத்தம் தருகிற சின்ன ட்வீட்டர். இடி இறங்குகிற மாதம் வந்தால் பிளக்கையும் பிடுங்கிவிடு, உங்கள் ஊரில் மலையில் பட்டு வரும்.

புளியரைவாசி:
பேட்டரி வைத்துப் பார்த்தேன். இரண்டு வூஃபரும் வெளியேதான் துள்ளியது, அதனால் பெட்டி சரி. அப்புறம் வயரைப் பிடித்துக்கொண்டே ஆம்ப் வரைக்கும் போனால், இடது பக்கத்தில் நான்தான் மாற்றிச் சொருகியிருக்கிறேன். இரண்டு இழையும் ஒரே நிறம், ஓரத்தில் மெல்லிசாக ஒரு கோடு மட்டும், கண்ணாடி போடாமல் மாட்டினேன். கடைக்காரரைத் திட்டினதை வாபஸ் வாங்குகிறேன், ஆனால் அவரும் இதைக் கேட்டிருக்கலாம்.

இப்போது பேஸ் வந்துவிட்டது, குரல் நடுவில் வந்து உட்கார்ந்துவிட்டது. ஆனால் சில பாட்டில் ஒரே ஒரு சுருதி மட்டும் கும்மென்று தூக்குகிறது, சுவரோடு சுவராக உட்கார்ந்தால் இன்னும் மோசம். அறை 12க்கு 10 அடி, டைல்ஸ் தரை, பீரோ ஒன்று.

ஓம் விதி:
12 அடி நீளத்துக்கு 47 ஹெர்ட்ஸ் பக்கத்துச் சுருதியை அறையே தூக்கும், 10 அடிக்கு 56 பக்கம். உங்கள் வூஃபர் அந்தக் கீழ் எல்லையில்தான் இருக்கும், அதனால் தெரிகிறது. ஸ்பீக்கரைச் சுவரிலிருந்து ஒன்றரை அடி முன்னால் இழுங்கள், நாற்காலியைப் பின்சுவரை விட்டு நகர்த்துங்கள். எதிரொலிக்குத் தரையில் ஜமுக்காளம். பேஸை அது தொடாது, கீச்சைக் குறைக்கும்.

புளியரைவாசி:
ஒன்றரை அடி முன்னால் இழுத்தால் பீரோ கதவு திறக்காது. அம்மாவிடம் கேட்டுவிட்டு வருகிறேன்.