சமோவாவில் 83 உயிர்கள்: ஊசி போட்டதாலா, ஊசி நின்றதாலா?

தறிமேடை:
போன வாரம் எங்கள் தெருவில் தட்டம்மை ஊசி பற்றிப் பேச்சு வந்தது. "சமோவாவில் ஊசி போட்டுத்தானே குழந்தைகள் செத்தன" என்றார் ஒருவர். தேடிப் படித்தேன். 2018 ஜூலையில் அந்தத் தீவு நாட்டில் எம்.எம்.ஆர். ஊசி (தட்டம்மை, பொன்னுக்குவீங்கி, ரூபெல்லா மூன்றுக்கும் சேர்த்துப் போடுவது) போட்ட இரண்டு குழந்தைகள் ஒரே நாளில் இறந்தது உண்மைதான். இதைப் படித்த பெற்றோர் தயங்கினால் அவர்களை மூடர் என்று திட்டுவது நியாயமா? "95 சதவீதம் பேர் போட்டால்தான் ஊருக்குப் பாதுகாப்பு" என்கிறார்கள். ஊருக்காக என் பிள்ளையை ஏன் முன்னால் நிறுத்த வேண்டும்? பணக்கார நாடுகளில் ஊசி வருவதற்கு முன்பே தட்டம்மைச் சாவு வெகுவாகக் குறைந்துவிட்டது. நல்ல சோறும் வீடும் மருத்துவமும் கிடைத்ததுதான் காரணம். ஏழை நாடுகளுக்கும் முதலில் அதைத்தானே தர வேண்டும்?

ஈரமண்:
நான் கிராம சுகாதார செவிலியர், 19 வருடமாக ஊசி போடுகிறேன். நீங்கள் சொன்ன சம்பவத்தை நினைத்தால் இன்றைக்கும் எனக்குக் கை நடுங்கும். தட்டம்மை மருந்து குப்பிக்குள் பொடியாகத்தான் இருக்கும். கூடவே வரும் கரைப்பு நீரை ஊற்றிக் கலக்க வேண்டும். சமோவாவில் அந்த நீருக்குப் பதிலாக, காலாவதியான தசைத் தளர்வு மருந்தைக் கலந்துவிட்டார்கள். அந்தச் செவிலியர் இருவருக்கும் ஐந்தாண்டு சிறை. குழந்தைகளைக் கொன்றது தடுப்பு மருந்து இல்லை, தவறான குப்பி.

அப்புறம் நடந்ததையும் சொல்லுங்கள். அரசு எம்.எம்.ஆர். தடுப்பூசித் திட்டத்தையே பல மாதம் நிறுத்தி வைத்தது. பெற்றோருக்கும் நம்பிக்கை போய்விட்டது. உலக சுகாதார நிறுவனமும் யுனிசெஃபும் போட்ட கணக்குப்படி 2018-இல் முதல் தவணை போட்டவர்கள் 31 சதவீதம்தான். 2019 கடைசியில் தட்டம்மை உள்ளே வந்தது. சுமார் 2 லட்சம் பேர் வாழும் நாட்டில் 5,700-க்கு மேற்பட்டவர்களுக்கு நோய், 83 சாவு. பெரும்பாலும் ஐந்து வயதுக்குட்பட்ட பிள்ளைகள். டிசம்பரில் அரசு அலுவலகங்களை இரண்டு நாள் மூடி, வீடு வீடாகப் போய் ஊசி போட்டார்கள். ஊசி போடாதவர்கள் இருக்கும் வீட்டு வாசலில் சிவப்புத் துணி கட்டச் சொன்னார்கள்.

தறிமேடை:
அக்கா, உங்கள் அனுபவத்தை மதிக்கிறேன். ஆனால் சோறு பற்றிய என் கேள்வி அப்படியே நிற்கிறது. சத்தில்லாத பிள்ளைகள்தானே அதிகம் சாகிறார்கள்?

கணக்குப்பிள்ளை:
அதற்குப் பதில் சமோவாவின் பக்கத்துத் தீவிலேயே இருக்கிறது. அதே ஆண்டு டோங்காவிலும் தட்டம்மை பரவியது. அதே கடல், ஏறக்குறைய அதே சாப்பாடு, அதே மாதிரிக் கூட்டுக் குடும்பங்கள். அங்கே ஒரு குழந்தைகூடச் சாகவில்லை. பெரும்பாலான பிள்ளைகளுக்கு முன்பே ஊசி போட்டிருந்தது.

பணக்கார நாடுகளில் குறைந்தது சாவுதான், நோய் இல்லை. அமெரிக்காவில் 1963-இல் ஊசி வருவதற்கு முன்பு ஆண்டுக்கு 30, 40 லட்சம் பேருக்குத் தட்டம்மை வந்தது. அவ்வளவு வசதி இருந்தும் ஆண்டுக்கு 400, 500 பேர் இறந்தார்கள்.

95 எங்கிருந்து வருகிறது என்றால், யாருக்கும் எதிர்ப்பு இல்லாத ஊரில் ஒரு தட்டம்மை நோயாளி 12 முதல் 18 பேருக்குப் பரப்புவார். அவர் அறையை விட்டுப் போன பிறகும் இரண்டு மணி நேரம் வரை கிருமி காற்றில் இருக்கும். 15 என்று வைத்தால், அதில் 14 பேருக்காவது எதிர்ப்பு இருந்தால்தான் சங்கிலி அறும். அதாவது 93 சதவீதம். 18 என்று வைத்தால் ஏறக்குறைய 95. ஒன்பதாம் மாத ஊசி சுமார் 85 சதவீதக் குழந்தைகளிடம்தான் பிடிக்கும் என்பதால் இரண்டாம் தவணையும் தேவை.

ஈரமண்:
சத்துணவு வேண்டும் என்பதில் எனக்கும் உங்களுக்கும் சண்டையே இல்லை, தம்பி. தட்டம்மை வந்த பிள்ளைக்கு வைட்டமின் ஏ கொடுப்பதும் அதனால்தான். ஆனால் "ஊருக்காக என் பிள்ளை" என்றீர்களே, அது என்னைத் தைத்தது. ஒன்பது மாதம் ஆகாத குழந்தைக்கு வழக்கமாக நாங்கள் இந்த ஊசியைப் போடுவதில்லை. அந்தக் கைக்குழந்தைக்கு வேலி, பக்கத்து வீட்டுப் பிள்ளைகள்தான். உங்கள் பிள்ளையும் ஒன்பது மாதம் அந்த வேலிக்குள் இருந்துதான் வளர்ந்தது.

2017 பிப்ரவரியில் தமிழ்நாட்டில் தட்டம்மை-ரூபெல்லா முகாம் நடந்தபோது வாட்ஸ்அப்பில் வதந்தி பரவியது. ஒரு பள்ளிக்கூடத்தில் ஒரு வகுப்பே காலி. ஒரு அம்மா மட்டும் வந்து, "கலக்குவதைக் காட்டுங்கள்" என்றார். குப்பியின் பெயர், காலாவதித் தேதி, கரைப்பு நீரின் லேபிள் எல்லாம் காட்டினேன். கலந்த நேரத்தைக் குப்பி மேல் எழுதினேன். நான்கு மணி நேரம் தாண்டினால் மிச்சத்தைப் போடக் கூடாது என்றும் சொன்னேன். மறுநாள் அவரே ஆறு பிள்ளைகளைக் கூட்டி வந்தார்.

தறிமேடை:
டோங்கா விஷயம் எனக்குத் தெரியாது. அந்த ஒப்பீட்டுக்கு என்னிடம் பதில் இல்லை, சாப்பாட்டு வாதத்தை விட்டுவிடுகிறேன். ஒன்றை மட்டும் விடமாட்டேன். தவறு நடந்தால் அன்றைக்கே, எந்தக் குப்பி, யார் கலந்தது என்று வெளிப்படையாகச் சொல்ல வேண்டும். மூடி மறைத்தால் வதந்திதான் ஜெயிக்கும்.

ஈரமண்:
அதில் நான் உங்கள் பக்கம்.

தறிமேடை:
என் மகளுக்கு முதல் தவணைக்குப் பிறகு காய்ச்சல் வந்தது. பயந்து இரண்டாவதைப் போடவில்லை. இப்போது நாலு வயது. இனிமேல் போடலாமா?

ஈரமண்:
தாராளமாக. ஊசி போட்ட ஒரு வாரம், பத்து நாளில் காய்ச்சல் வருவது சகஜம், தானே சரியாகிவிடும். விட்டுப்போன தவணையை ஐந்து வயது வரை அரசு நிலையத்திலேயே போடுவார்கள். தடுப்பூசி அட்டையை எடுத்துக்கொண்டு புதன்கிழமை போங்கள். கலப்பதைக் காட்டச் சொல்லிக் கேளுங்கள்.