டேப்லெட் கணினியில் பேனா: உங்களுக்கு உதவியதா?

அல்சூர், கட்டுமான மேற்பார்வையாளர்:
ஒயிட்ஃபீல்டு பக்கம் சைட் வேலை. வரைபடம் பிடிஎஃப் கோப்பாக வரும். தூணும் பீமும் சேருமிடத்தில் கம்பி நெருக்கமாகிவிட்டால், எதை எங்கே வளைப்பது என்று வாயால் சொல்லிப் புரியவைப்பது பெரும்பாடு. பொறியாளர் ஒப்புக்கொண்ட மாற்றத்தை இப்போது வரைபடத்தின் மேலேயே சிவப்பில் வரைந்து, "இங்கே ரிங் 4 அங்குலத்துக்கு ஒன்று" என்று பக்கத்தில் கிறுக்கி, வாட்ஸ்அப்பில் அனுப்பிவிடுகிறேன். ஊத்தங்கரைக்காரரான எங்கள் மேஸ்திரி அதைக் கம்பி கட்டுபவரிடம் அப்படியே காட்டிவிடுகிறார். "நீங்கள் அப்படிச் சொல்லவே இல்லை சார்" என்ற சண்டை அநேகமாக ஓய்ந்துவிட்டது.

விரலால் வரையலாமே என்று கேட்பவர்கள் சைட்டுக்கு ஒருநாள் வரட்டும். ஈரக்கை பட்டால் தொடுதிரை தன் இஷ்டத்துக்கு ஆடும். என்னுடையது வாக்கோம் நிறுவன வகை மின்காந்தப் பேனா. பேனாவுக்குள் பாட்டரி கிடையாது. திரைக்கு அடியிலுள்ள மெல்லிய கம்பிவலையிலிருந்தே அதற்கு மின்சாரம் கிடைக்கிறது. முனை திரையை நெருங்கியதும், ஊன்றியிருக்கும் உள்ளங்கையைக் கணினி கண்டுகொள்வதில்லை. ஆனால் உச்சிவெயிலில் திரையில் என் முகம்தான் தெரிகிறது. கொட்டகைக்குள் ஓடவேண்டும்.

கோரமங்களா, கணக்காளர்:
அலுவலகத்தில் கொடுத்தார்கள். கையெழுத்துப் போட மட்டும் பயன்படுகிறது. ஐந்து ஆண்டுகளுக்குள் அமெரிக்காவில் அதிகம் விற்கும் கணினி வகை டேப்லெட்தான் என்று 2001இல் பில் கேட்ஸ் சொன்னார். எண்களைக் கட்டங்களில் நிரப்புகிறவனை அவர் நினைத்திருக்கமாட்டார்!

ஜெயநகர், மெய்ப்புத் திருத்துநர்:
கணக்காளர் ஐயா, உங்கள் வேலைக்கு விசைப்பலகைதான். பேனா கோடு போடுவதற்கானது.

கையெழுத்தைத் தட்டச்சு எழுத்தாக மாற்றும் வசதியை நான் ஆசையோடு முயன்றேன். எந்தக் கோடு முதலில் விழுந்தது, கை எந்தத் திசையில் போனது என்பதெல்லாம் பதிவாவதால், காகிதத்தைப் படமெடுத்துப் படிப்பதைவிடக் கணினிக்கு இது எளிது. நம் பெங்களூரிலேயே ஹெச்பி ஆய்வகம் தமிழை 156 குறிகளாக வகுத்துக் கையெழுத்து மாதிரிகளைத் திரட்டியது. 'கொ' என்றால் கொம்பு, க, கால் என்று தனித்தனியாகத்தானே எழுதுகிறோம்! இந்திய அறிவியல் கழகத்திலும் இந்த ஆராய்ச்சி நடந்திருக்கிறது. இருந்தும் என் அவசரக் கையெழுத்தில் கால் எது, 'ர' எது என்று கணினி திணறுகிறது. அதைத் திருத்தும் நேரத்தில் தட்டச்சே செய்துவிடலாம்.

ஆகவே அந்த வசதியை அணைத்துவிட்டேன். விட்டுப்போன ஒற்றுக்கு ஒரு கூரைக்குறி, இடம் மாறிய சொல்லுக்கு ஒரு வளைகோடு. அச்சகத்துக்கு அப்படியே போகிறது. தாளில் நாற்பது பக்கம் அச்செடுத்து, திருத்தி, ஆட்டோவில் கொடுத்தனுப்பிய வேலை இது.

அல்சூர்க்காரரே, திரைக்கு மங்கல் தாள் ஒட்டிப் பார்த்தீர்களா? வெளிச்சம் எதிரொளிப்பது குறையும், எழுதும்போது காகிதம்போலச் சற்றுப் பிடித்துக்கொள்ளும். பேனா முனைதான் சீக்கிரம் தேயும். மாற்று முனைகளை எஸ்.பி. ரோட்டுக் கடைகளில் கேட்டுப் பாருங்கள்; மாதிரி எண்ணைக் குறித்துக்கொண்டு போங்கள்.