பால் குடுக்கிற காலத்துல கருத்தடை: ஆறு வாரச் செக்கப்புக்கு முன்னாடியே யோசிச்சு வெச்சுக்கோங்க

"பால் குடுத்துட்டுதான இருக்கேன், பீரியட்ஸும் இன்னும் வரல, அப்புறம் எதுக்குக்கா இதெல்லாம்"னு வெளிநாடு வந்த புதுசுல பிரசவம் ஆன பொண்ணுங்க நிறைய பேர் கேக்குறாங்க. பக்கத்துல அம்மாவும் இல்ல அக்காவும் இல்ல, ஆறாவது வாரம் செக்கப்புக்குப் போனா டாக்டர் பட்டுனு "கருத்தடைக்கு என்ன பண்ணப் போறீங்க"ன்னு கேப்பாங்க, நாம முழிப்போம், அவங்க சொல்ற மொத விஷயத்துக்குத் தலையாட்டிட்டு வந்துடுவோம். அதான் கொஞ்சம் நீளமா எழுதுறேன்.

பால் குடுத்தா கரு தங்காதுங்கிறது சும்மா பேச்சு இல்ல. 1988-ல இத்தாலில பெல்லாஜியோங்கிற எடத்துல நிபுணர்கள் கூடி, அதுவரைக்கும் நடந்த ஆய்வுகள எல்லாம் பாத்துட்டு ஒத்துக்கிட்டதுதான், சரியா இருந்தா 98 சதவீதம் பாதுகாப்பு. ஆனா மூணு கண்டிஷன் இருக்கு, மூணும் சேந்தே இருக்கணும். குழந்தைக்கு 6 மாசம் முடிஞ்சிருக்கக் கூடாது, உங்களுக்கு பீரியட்ஸ் திரும்ப வந்திருக்கக் கூடாது, ராப்பகலா தாய்ப்பால் மட்டும்தான் குடுக்கணும், அதுவும் பகல்ல 4 மணி நேரம் ராத்திரில 6 மணி நேரத்துக்கு மேல இடைவெளி விழக் கூடாது. இதுல ஒண்ணு போனாலும் அன்னைல இருந்தே வேற ஏற்பாடு வேணும். நமக்கு இது எங்க போகும்னா, லீவு முடிஞ்சு வேலைக்குப் போவோம், பம்ப் பண்ணி வெச்சுட்டுப் போவோம், ஆனா பம்ப் பண்றது குழந்தை நேரா வாய் வெச்சுக் குடிக்கிற அளவுக்குக் கருமுட்டையத் தடுக்காது. இல்லேன்னா "நீ கொஞ்சம் தூங்கு"ன்னு வீட்டுக்காரர் ராத்திரி ஒரு பாட்டில் ஃபார்முலா குடுப்பாரு. குழந்தையே ஒரு நாள் ராத்திரி முழுக்க தூங்கிடும், வீடே கொண்டாடும், இந்தக் கணக்கு அன்னைக்கோட முடிஞ்சுது.

"மொத பீரியட்ஸ் வரட்டும், அப்புறம் பாத்துக்கலாம்"னு இருக்கவே இருக்காதீங்க பா. மொதல்ல கருமுட்டை வரும், அதுக்கு ரெண்டு வாரம் கழிச்சுதான் பீரியட்ஸ் வரும். நடுவுல கரு தங்கிடுச்சுன்னா பீரியட்ஸே பாக்காம அடுத்த பிரசவத்துக்குப் போறதுதான். பால் குடுக்காதவங்களுக்கு இது இன்னும் சீக்கிரம், 4 வாரத்துக்குள்ளயே முட்டை வரலாம், அதனாலதான் 21 நாளுக்கு அப்புறம் கவனமா இருங்கன்னு சொல்றாங்க.

இப்போ மாத்திரை. கல்யாணம் ஆன புதுசுல சாப்பிட்ட அட்டை பெட்டில கெடக்கும், அதையே எடுத்துப் போட்டுடாதீங்க. அது பெரும்பாலும் ஈஸ்ட்ரோஜன், ப்ரோஜெஸ்ட்ரோஜன்னு ரெண்டு ஹார்மோனும் கலந்த மாத்திரையா இருக்கும். பால் குடுக்கிறவங்களுக்கு மொத 6 வாரம் அது கூடவே கூடாது, உலக சுகாதார அமைப்பு 6 மாசம் வரைக்குமே தள்ளிப்போடத்தான் சொல்லுது, சில நாட்டுல 6 வாரத்துக்கு அப்புறம் உடம்பப் பாத்து குடுக்குறாங்க. பால் குறையுமோங்கிற கவலை மட்டும் இல்ல, பச்சை உடம்புல கால் நரம்புல ரத்தம் கட்டிக்கிற ஆபத்து ஏற்கனவே அதிகம், மொத 3 வாரம் ரொம்பவே அதிகம், ஈஸ்ட்ரோஜன் அத இன்னும் ஏத்திவிடும்.

நமக்கு ஏத்தது மினி பில், ப்ரோஜெஸ்ட்ரோஜன் மட்டும் இருக்கிறது. பிரசவம் ஆன உடனேயே கூட ஆரம்பிக்கலாம், பாலையோ குழந்தை வளர்ச்சியையோ பாதிக்குறதா ஆய்வுகள்ல தெரியல. அதுல ஒரே தொல்லை நேரம்தான். பழைய ரகம் 3 மணி நேரம் தாண்டினாலே தவறினதாக் கணக்கு, டெசோஜெஸ்ட்ரல்ங்கிற மருந்து இருக்கிற மினி பில்னா 12 மணி நேரம் வரைக்கும் தாங்கும், அதனால எது எழுதிக் குடுக்குறாங்கன்னு பேரக் கேட்டுக்கோங்க, நாட்டுக்கு நாடு அட்டைல பிராண்ட் பேர் மாறும், உள்ள இருக்கிற மருந்துப் பேர் மாறாது. நெஜம் சொல்லணும்னா கைக்குழந்தையோட இருக்கிறப்போ நேரம்னு ஒண்ணு கெடையாது. அலாரம் அடிக்கும், அப்போதான் குழந்தை கைமேலேயே கண்ண மூடியிருக்கும், அசைஞ்சா முழிச்சுக்கும், அலாரத்த அணைச்சுட்டு "அப்புறம் போடலாம்"னு நாமளும் தூங்கிடுவோம். உங்க வீட்டு நிலவரம் இப்படின்னா மாத்திரை உங்களுக்கு சரிப்பட்டு வராது, மறதிக்கு எடம் குடுக்காத ஒண்ணா பாருங்க.

அப்படிப் பாத்தா இம்ப்ளான்ட்தான் என்னோட சாய்ஸ். மேல்கைல உள்பக்கமா மரத்துப்போற ஊசி ஒண்ணு போட்டுட்டு தீக்குச்சி மாதிரி ஒரு குச்சிய தோலுக்கு அடில வெச்சுடுவாங்க, சில நிமிஷ வேலை, வெரலால தடவிப் பாத்தா தெரியும், 3 வருஷம் ஞாபகமே வெச்சுக்க வேண்டாம். ஆனா பீரியட்ஸ் தாறுமாறா வரும், சிலருக்கு சொட்டுச் சொட்டா நாள்கணக்குல இருக்கும், அது தாங்காம எடுத்துட்டவங்களும் உண்டு.

காப்பர் டி, அதாவது கர்ப்பப்பைக்குள்ள வைக்கிறது, ஹார்மோனே வேண்டாம்கிறவங்களுக்கு. பிரசவம் ஆகி 48 மணி நேரத்துக்குள்ள போடணும், சிசேரியன்னா ஆபரேஷன் அப்பவே கூட போட்டுடுவாங்க, அந்த நேரம் விட்டுட்டா 4 வாரம் கழிச்சுதான். அதனால உடனே வேணும்னா மாசமா இருக்கிறப்பவே மிட்வைஃப் கிட்ட சொல்லி ஃபைல்ல எழுதி வைக்கச் சொல்லுங்க. உடனே போட்டா நழுவி வெளிய வர்ற வாய்ப்பு கொஞ்சம் கூடுதல், அதையும் தெரிஞ்சுக்கோங்க. பீரியட்ஸ் அதிகமாப் போகும், ரத்தசோகை இருக்கவங்க ஹார்மோன் வெச்ச டி பத்திக் கேளுங்க. மூணு மாசத்துக்கு ஒரு தடவை போடுற கருத்தடை ஊசிய பத்தி ஒண்ணே ஒண்ணு, நிறுத்தினதுக்கு அப்புறம் கரு தங்குறதுக்கு ஒரு வருஷம் வரைக்கும் ஆகலாம், சீக்கிரம் ரெண்டாவது வேணும்னா அது வேண்டாம்.

காண்டம் போதும்னா தாராளமா. ஆனா பால் குடுக்கிறப்போ ஈஸ்ட்ரோஜன் கம்மியாகி கீழ வறட்சியா எரிச்சலா இருக்கும், யாரும் இத வாய்விட்டு சொல்றதில்ல, உங்களுக்கு ஏதோ கோளாறுன்னு நெனச்சுக்காதீங்க. அதுக்குத் தேங்காய் எண்ணெய், பேபி ஆயில்லாம் தடவுனா லேட்டக்ஸ் காண்டம் கிழிஞ்சுடும், தண்ணி பேஸ் ஜெல்தான் வாங்கணும். இனி குழந்தையே வேண்டாம்னு ரெண்டு பேரும் முடிவா இருந்தா வீட்டுக்காரர் வாசக்டமி (ஆண்களுக்கான கருத்தடை ஆபரேஷன்) பண்ணிக்கிறது உங்களுக்குப் பண்ற கருத்தடை ஆபரேஷன விட சின்ன வேலை, என்ன, 3 மாசம் கழிச்சு விந்து டெஸ்ட்ல சரின்னு வர்ற வரைக்கும் வேற பாதுகாப்பு வேணும்.

அப்புறம் இன்டர்பிரெட்டர். பாஷை வரலன்னா கேட்டு வாங்குங்க, வீட்டுக்காரர வெச்சு சமாளிக்காதீங்க. வலி, ரத்தப்போக்கு, "எனக்கு இப்போ இன்னொண்ணு வேண்டாம்"கிறது, இதெல்லாம் அவர் வாய் வழியா போறப்போ பாதி காணாமப் போயிடும். பி.பி., மைக்ரேன், வலிப்பு மாத்திரை எல்லாத்தையும் சொல்லுங்க, சில வலிப்பு மருந்தும் டி.பி. மருந்தும் மினி பில்லையும் இம்ப்ளான்ட்டையும் வேலை செய்ய விடாது. சிசேரியன் ஆனவங்க அடுத்ததுக்கு எவ்வளவு இடைவெளி விடணும்னு தனியா கேளுங்க, பொதுவா 2 வருஷமாவது போகட்டும்னு சொல்வாங்க.

ஏற்கனவே பாதுகாப்பு இல்லாம இருந்துட்டு பயத்துல இத படிக்கிறவங்க, மருந்துக் கடைக்கு இன்னைக்கே போங்க. லெவோநார்ஜெஸ்ட்ரல் எமர்ஜென்சி மாத்திரை 72 மணி நேரத்துக்குள்ள, எவ்வளவு சீக்கிரமோ அவ்வளவு நல்லது, பால நிறுத்த வேண்டாம். இன்னொரு ரக மாத்திரையும் இருக்கு, அதுக்குப் பால் விஷயத்துல சொல்றது வேற மாதிரி இருக்கலாம், அதனால பால் குடுக்குறேன்னு முன்னாடியே சொல்லிடுங்க. போட்டாச்சுன்னு விட்டுடாம 3 வாரம் கழிச்சு ஒரு கர்ப்ப டெஸ்ட் பண்ணிடுங்க, பீரியட்ஸே வராம இருக்கிறப்போ நாள் தள்ளிப்போச்சான்னு பாக்க வழி இல்லையே.