ஹில் டாப் பண்ணைவீடு: பூச்சை உரித்துக் கல்லைக் காட்ட வேண்டாமா?

கல்லுளி:
இங்கிலாந்தின் ஏரி மாவட்டத்தில், நியர் சாவ்ரி என்ற சிற்றூரில் இருக்கும் ஹில் டாப் பண்ணைவீட்டுக்குப் போய்வந்தேன். 17ஆம் நூற்றாண்டுக் கல் வீடு. முயல் கதைகளை எழுதி வரைந்த பியாட்ரிக்ஸ் பாட்டர் 1905இல் வாங்கியது. ஆனால் சுவர் முழுக்கச் சாம்பல் நிறத்தில் சொரசொரப்பான பூச்சு, கல்லே தெரியவில்லை. வாசல் முகப்பை மட்டும் பெரிய பெரிய ஸ்லேட் கல் பலகைகளை நிறுத்திக் கட்டியிருக்கிறார்கள். அந்த வீட்டிலேயே அழகான இடம் அதுதான். மீதிச் சுவரையும் உரித்துவிட்டால் என்ன?

மழைக்காகம்:
உரித்தால் மழை உள்ளே வரும், அவ்வளவுதான். அந்தப் பக்கத்துப் பழைய சுவர் ஒரே கல் சுவர் இல்லை. வெளியே ஒரு வரிசை, உள்ளே ஒரு வரிசை, நடுவில் சில்லும் மண்ணும். இரண்டு வரிசையையும் சேர்த்துப் பிடிக்க ஆங்காங்கே குறுக்கே ஒரு நீளக்கல். காற்றோடு அடிக்கிற மழை சந்து வழியாக நடுப்பகுதிக்குப் போய்விட்டால் சுலபத்தில் காயாது. அதற்காகத்தான் சுண்ணாம்பையும் பொடிச்சரளையையும் குழைத்துச் சுவரில் வீசியடித்தார்கள். சொரசொரப்பாக இருப்பதால் பரப்பு அதிகம், ஈரம் சீக்கிரம் ஆவியாகும்.

கல்லுளி:
அப்படியானால் அதே ஊரில் களஞ்சியங்களும் மாட்டுக்கொட்டில்களும் வெறுங்கல்லாக எப்படி நிற்கின்றன?

மழைக்காகம்:
கொட்டிலில் நீங்கள் படுப்பீர்களா?

தேம்ஸ்கரை:
நான் கல்லுளி பக்கம். ஆங்கிலக் கவிஞர் வேர்ட்ஸ்வொர்த்தே தன் ஏரி மாவட்டக் கையேட்டில் இந்த வீடுகள் கட்டியவை மாதிரி இல்லை, பாறையிலிருந்து தாமாக முளைத்தவை மாதிரி இருக்கின்றன என்கிறார். வெள்ளையடித்த வீடுகள் மலைக்காட்சியைக் கெடுக்கின்றன என்று குறையும் பட்டிருக்கிறார். அப்புறம், பாட்டர் வாழ்க்கையை 2006இல் படமாக எடுத்தவர்கள் ஹில் டாப்பை விட்டுவிட்டு கோனிஸ்டன் பக்கத்து யூ ட்ரீ பண்ணைக்குப் போனது சும்மாவா?

மழைக்காகம்:
யூ ட்ரீ பண்ணைவீடும் பூச்சுப் பூசி வெள்ளையடித்த வீடுதான் ஐயா! வெறுங்கல்லாக இருப்பது அதன் களஞ்சியம். வேர்ட்ஸ்வொர்த்தையும் முழுதாகப் படியுங்கள். குடியிருக்கும் வீட்டைக் கொட்டிலிலிருந்து பிரித்துக் காட்டுவதே பூச்சும் வெள்ளையும்தான் என்று அதே இடத்தில் சொல்கிறார். அடிக்கடி புதுப்பிக்காமல் விட்டால் சில வருடங்களில் வெயில் மழை பட்டு அழகான நிறத்துக்கு வந்துவிடும் என்றும் சொல்கிறார். அவருக்குப் பிடிக்காதது பளீர் வெள்ளை. பூச்சு அல்ல.

சாரப்பலகை:
பழைய கட்டட வேலை செய்கிறவன் என்ற முறையில் ஒன்று. ஆங்கிலக் கவிஞரும் வடிவமைப்பாளருமான வில்லியம் மோரிஸும் நண்பர்களும் 1877இல் பழங்கட்டடப் பாதுகாப்புச் சங்கம் தொடங்கியதே இப்படிப் பூச்சைச் சுரண்டியெடுக்கும் வேலையை எதிர்த்துத்தான். தேவாலயச் சுவர்களில் பழைய பூச்சை உரித்துக் கல்லைக் காட்டுவது அப்போதைய மோகம். ‘சுரண்டல் எதிர்ப்பு’ என்பதே சங்கத்தின் செல்லப்பெயர். ஆனால் பூச்சு என்றாலே நல்லது என்றும் சொல்லமாட்டேன். சுண்ணாம்பு இருந்த இடத்தில் சிமெண்ட் போட்டிருந்தால் அதை எடுத்தே ஆக வேண்டும். சிமெண்டில் மயிரிழை விரிசல் விழும், தண்ணீர் உள்ளே போகும், வெளியே வர வழி இருக்காது. எடுத்துவிட்டு மறுபடி சுண்ணாம்பு பூச வேண்டும், வெறுங்கல்லாக விடக்கூடாது.

கல்லுளி:
சரி, மழையை விடுங்கள். குத்தகைக்காரர் ஜான் கேனன் குடும்பத்துக்காகப் பாட்டர் 1906இல் ஒரு பகுதியைச் சேர்த்துக் கட்டினார். பழைய சுவர் எங்கே முடிகிறது, புதியது எங்கே தொடங்குகிறது என்பதைப் பூச்சு மறைத்துவிடுகிறது. வரலாற்றுக் கட்டடத்தில் அது தெரிய வேண்டாமா?

மழைக்காகம்:
பாட்டர் தன் பெயரின் முதலெழுத்துகளையும் 1906 என்ற ஆண்டையும் சுவரிலேயே பதித்துவைத்திருக்கிறார். இதற்கு மேல் என்ன தெரிய வேண்டும்?

கல்லுளி:
எழுத்தைப் படிப்பது வேறு, கல் மாறுவதைக் கண்ணால் பார்ப்பது வேறு. முழுதும் வேண்டாம், அந்த இணைப்பில் ஒரு முழம் மட்டும் உரித்துக் கண்ணாடி போட்டுக் காட்டட்டும்.

சாரப்பலகை:
கண்ணாடிக்குப் பின்னால் ஈரம் கோத்துப் பாசி பிடிக்கும். அப்புறம் பாசியைத்தான் பார்ப்பீர்கள்.